முகமூடிக்குள் திருமணம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1787ஆம் ஆண்டு முதல் 1967ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய 180 ஆண்டுகள், மணவிலக்குப் பெற ஒரேயொரு காரணத்தையே சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. கணவனோ மனைவியோ மணத்துக்கு வெளியே பிறரோடு உறவு கொண்டிருக்க வேண்டும். அதை நீதிமன்றத்தில் சாட்சியோடு மெய்ப்பிக்கவும் வேண்டும். அடித்தான், குடித்தான், பேசுவதை நிறுத்திவிட்டான், இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பவற்றுள் எதுவும் செல்லாது. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால் அதுவே வழக்கைத் தள்ளுபடி செய்யப் போதுமான காரணமாகிவிடும். வசதி படைத்தவர்கள் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஆறு வாரம் தங்கியோ, மெக்சிகோவுக்குப் போயோ மணவிலக்குப் பெற்றுத் திரும்பினார்கள். அத்தகைய வசதி இல்லாதவர்களுக்காக ஒரு சிறு தொழிலே நடந்துவந்தது. விடுதியில் ஓர் அறை எடுக்கப்படும். கணவன் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் அமர்ந்திருப்பான். கூலிக்கு வந்த பெண் ஒருத்தி அருகில் இருப்பாள். குறித்த நேரத்தில் கதவு திறக்கும். புகைப்படக்காரரும் சாட்சியும் உள்ளே நுழைவார்கள். படம் எடுத்து முடிந்ததும் அனைவரும் அவரவர் வழியே போய்விடுவார்கள். அது நாடகம் என்பது கணவனுக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும், வழக்குரைஞருக்கும் தெரியும். பல வேளைகளில் நீதிபதிக்கும் தெரியும்.

இந்த நாடகத்தின் இறுதி ஆண்டுகளில், அதே நகரத்திலும் அதன் புறநகர்களிலும், வேறு சிலர் ஏறத்தாழ இதே காட்சியைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வரவேற்பறை, ஒரு கட்டில், கூலிக்கு வந்த நடிகர்கள், மணத்தை மீறும் உறவு. இவ்வகைப் படங்களுக்கு அமெரிக்கத் திரைத்துறையில் ‘செக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்று பெயர். பாலுணர்வைச் சுரண்டிப் பிழைக்கும் படங்கள் என்று பொருள் சொல்லலாம். இவற்றுள் ஒரு பிரிவு, தம்பதியர் தம்முள் துணைமாற்றிக் கொள்வதையும் அதனால் குடும்பத்துக்கு நேர்வதையும் கதையாகக் கொண்டது. அந்தப் பிரிவைப் பற்றியே இக்கட்டுரை.

இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் இதைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு காலத்துத் திருமணம் எப்படி இருந்தது என்பதை அக்காலத்தின் உயர்ந்த இலக்கியம் மட்டும் சொல்லிவிடுவதில்லை. நீதிமன்றத்துப் பொய்ப் படமும் ஓர் ஆவணம். மலிவான திரையரங்கில் ஓடிய பொய்க் கதையும் ஓர் ஆவணம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அவை எந்த உண்மையை மறைக்க உண்டாயினவோ அதுவே வெளிப்பட்டுவிடுகிறது.

*

இப்படங்கள் தோன்றிய சூழலை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1948ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, பெரும் படநிறுவனங்கள் திரையரங்குகளையும் தம் கைக்குள் வைத்திருந்த நிலைக்கு முடிவுகட்டியது. அதே வேளையில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. 1950இல் பத்தில் ஒரு வீட்டில்கூட இல்லாத தொலைக்காட்சி, 1960இல் பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீடுகளில் இருந்தது. ஹாலிவுட் தன் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது. நகரத்துச் சிறு திரையரங்குகளுக்கும், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளுக்கும் திரையிடப் படங்கள் போதவில்லை. வீட்டிலிருப்பவர்களை வெளியே வரவழைக்கத் தொலைக்காட்சியில் காட்ட முடியாத ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது.

சட்டமும் மெல்ல வழிவிட்டது. இத்தாலிய இயக்குநர் ரோசலினியின் ‘தி மிராக்கிள்’ குறும்படத்தை நியூயார்க் தணிக்கையினர் தடுத்த வழக்கில், திரைப்படமும் கருத்துரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1952இல் கூறியது. 1957இல் நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிர்வாணச் சங்கத்தைக் காட்டிய ‘கார்டன் ஆஃப் ஈடன்’ என்ற படத்தைப் பற்றிய வழக்கில், ஆடையின்மை மட்டுமே ஆபாசம் ஆகிவிடாது என்றது. இரண்டு ஆண்டுகளில் ரஸ் மேயர் என்ற புகைப்படக் கலைஞர் 24,000 டாலர் செலவில் ‘தி இம்மாரல் மிஸ்டர் டீஸ்’ என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்தார். அது பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. உடனே அதே மாதிரியில் டஜன்கணக்கான படங்கள் வரிசைகட்டின.

ஆனால் வெறும் உடலைப் பார்ப்பதில் சலிப்பு விரைவில் வந்துவிடும் அல்லவா? 1963, 1964 ஆண்டுகளில் இத்துறை கதையைத் தேடத் தொடங்கியது. அப்போது அது திருமணத்தைக் கையில் எடுத்ததற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. சில பத்தாயிரம் டாலரில், ஒன்றிரண்டு வாரங்களில் எடுத்து முடிக்க வேண்டிய படத்துக்குப் போர்க்களமோ துரத்தல் காட்சியோ கட்டுப்படியாகாது. நண்பர் ஒருவரின் வீடும், ஒரு சோபாவும், மதுப் புட்டிகள் அடுக்கிய ஒரு மேசையும், நான்கு நடிகர்களும் கிடைத்தால் குடும்பக் கதையை எடுத்துவிடலாம். நான்கு சுவர்களுக்குள் நடப்பதே செலவு குறைந்த கதை. தொழில் நெருக்கடி ஒன்று, அமெரிக்க இல்லறத்தின் அகத்தைப் பார்க்கும் இடத்துக்கு இந்தப் படக்காரர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது.

*

அந்த வீடு எங்கே இருந்தது என்பதும் முக்கியம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், லெவிட் நிறுவனத்தார் 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகளை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தாற்போலக் கட்டினார்கள். லெவிட்டவுன் என்ற அந்தக் குடியிருப்பு நாடெங்கும் எழுந்த புறநகர்களுக்கு முன்மாதிரியானது. கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு விற்கப்படவில்லை. காலையில் கணவர்கள் ரயிலேறி நகரத்துக்குப் போவார்கள். மாலையில், சில வேளைகளில் இரவில், திரும்புவார்கள். இடைப்பட்ட நேரம் முழுவதும் அந்தத் தெருக்கள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியவை. பெட்டி ஃப்ரீடன் 1963இல் வெளியிட்ட ‘தி ஃபெமினைன் மிஸ்டிக்’ என்ற நூல் அந்தப் பகற்பொழுதின் வெறுமையைப் பற்றியது. படித்த பெண்கள், வசதியான வீடு, நல்ல கணவன், இருந்தும் பெயர் சொல்ல முடியாத ஒரு மனக்குறை. அந்நூல் அமெரிக்கப் பெண்ணியத்தின் இரண்டாம் அலைக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

ஃப்ரீடனின் நூல் வந்த அடுத்த ஆண்டு ‘சின் இன் தி சபர்ப்ஸ்’ (புறநகரில் பாவம்) என்ற கறுப்பு வெள்ளைப் படம் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் ஜோ சார்னோ. 1921இல் ப்ரூக்ளினில் பிறந்து, லாங் ஐலண்டின் அமிட்டிவில் என்ற ஊரில் வளர்ந்தவர். போரின்போது கடற்படையில் பணியாற்றியவர். ஆகவே அவருக்குப் புறநகர் கேள்விப்பட்ட இடமன்று, வளர்ந்த நிலம்.

படத்தின் கதை எளியது. ஜெரால்டின் என்ற நடுவயதுப் பெண்ணின் கணவன் வேலையே கதியாக இருப்பவன். மணத்தை மீறிய உறவில் அவள் ஆறுதல் தேடுகிறாள். பள்ளி மாணவியான மகளுக்கு அது தெரியவருகிறது. அதே தெருவில் இவெட் என்ற பெண் ஒருத்தியும் அவளோடு இருக்கும் ஆண் ஒருவனும் சேர்ந்து ஒரு மறைவான கூடுகையை நடத்துகிறார்கள். கட்டணம் செலுத்தி உறுப்பினராகலாம். வருகிறவர் எல்லாரும் முகமூடி அணிய வேண்டும். அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் அறியாமல் அங்கே கூடுகிறார்கள். முடிவில் தாயும் மகளும் ஒரே கூடுகைக்கு வந்து சேர்கிறார்கள்.

இந்த முகமூடியைக் கவனிக்க வேண்டும். படத்தை விற்கும் கவர்ச்சிப் பொருளாகத்தான் அது வைக்கப்பட்டது. ஆனால் படம் ஓட ஓட அதன் பொருள் மாறுகிறது. பகலில் வேலி ஓரத்தில் நின்று வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் அந்த அண்டை வீட்டார், முகம் தெரியும்போது ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர்; முகம் மறைந்தபோதுதான் அணுகுகிறார்கள். மணவிலக்குக்காக விடுதி அறையில் நடிக்கும் கணவன் தன் முகத்தைக் காட்டிப் பொய் சொல்கிறான். இங்கே முகத்தை மறைத்துக்கொண்டு மெய் சொல்கிறார்கள். இரண்டுமே, உள்ளதை உள்ளபடி சொல்ல வழியில்லாத ஒரு திருமண அமைப்பின் விளைவுகள்.

சார்னோவின் திரைமொழியும் வழக்கமான இவ்வகைப் படங்களிலிருந்து விலகியது. அவர் உடலைவிட முகத்தில் கேமராவை நீண்ட நேரம் நிறுத்துவார், குறிப்பாகப் பெண்ணின் முகத்தில். ஒருத்தி முன்னே நம்மைப் பார்த்தபடி நிற்க, அவளுக்குப் பின்னே இன்னொருத்தி அதே திசையைப் பார்த்தபடி நின்று பேசுவாள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஸ்வீடனின் இங்மர் பெர்க்மன் படங்களை நினைவூட்டும் இக்காட்சி அமைப்பினால், பின்னாளில் விமர்சகர்கள் அவரை நியூயார்க்கின் மலிவுத் திரையரங்குகள் நிறைந்த 42ஆம் தெருவின் பெர்க்மன் என்று அழைத்தார்கள். அந்தப் பட்டத்தில் சற்று மிகையும் கேலியும் உண்டு. ஆயினும், ஆடை அவிழும் காட்சிக்காகக் காசு கொடுத்து வந்தவன், தனிமையில் வாடும் ஒரு பெண்ணின் முகத்தை நெடுநேரம் பார்க்க நேர்ந்தது என்பது உண்மை. அவன் கேட்டு வந்தது அதுவன்று.

*

1966இல் சார்னோ ‘தி ஸ்வாப் அண்ட் ஹவ் தே மேக் இட்’ என்ற படத்தில் துணைமாற்றையே நேரடியாகக் கதையாக்கினார். அக்கால அமெரிக்க இதழ்கள் இவ்வழக்கத்துக்கு இட்ட பெயர் ‘ஒய்ஃப் ஸ்வாப்பிங்’, அதாவது மனைவி மாற்றல். இலக்கணம் படித்தவன் என்பதால் இத்தொடரைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. மாற்றல் என்ற வினைக்கு எழுவாய் யார்? கணவன். செயப்படுபொருள் எது? மனைவி. ‘கணவன் மாற்றல்’ என்று எவரும் சொன்னதில்லை. புதுமையென்று பறைசாற்றப்பட்ட ஒரு வழக்கம், பெண்ணைக் கைமாற்றத்தக்க பொருளாகக் கருதும் மிகப் பழைய கணக்கையே தன் பெயரில் சுமந்திருந்தது. பின்னர் அதில் ஈடுபட்டவர்களே இப்பெயரைக் கைவிட்டு ‘ஸ்விங்கிங்’ என்ற சொல்லை விரும்பினார்கள். பெயர் மாறியது, கணக்கு மாறியதா?

இக்கேள்விக்குச் சமூகவியல் ஒரு விடை தந்தது. கில்பர்ட் பார்ட்டெல் என்ற மானிடவியலாளர் இவ்வழக்கத்தில் இருந்த அமெரிக்கத் தம்பதியரிடையே களஆய்வு செய்து 1971இல் ‘குரூப் செக்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அவர் கண்டவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். பெரும்பாலும் வெள்ளையர், நடுத்தர வர்க்கத்தினர், புறநகர்வாசிகள். மற்ற எல்லாவற்றிலும் மரபைப் போற்றியவர்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் வாழ்ந்தவர்கள். இதில் இறங்கலாம் என்ற யோசனையை முதலில் முன்வைத்தவர் பெரும்பாலும் கணவர். டுவேன் டென்ஃபெல்ட் என்ற ஆய்வாளர், இவ்வழக்கத்தைக் கைவிட்டவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்று ஆராய்ந்து 1974இல் எழுதினார். பொறாமையே முதற்காரணமாக நின்றது. போதும் என்று முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் மனைவியர்.

ஆய்வாளர்கள் எழுபதுகளில் கண்டதை இந்த மலிவுப் படங்கள் அறுபதுகளிலேயே தம் போக்கில் சொல்லிவிட்டன. அவற்றின் முடிவுகள் பெரும்பாலும் துயரமானவை. குடும்பம் சிதறும், ஒரு பெண் அழுதபடி தனியே அமர்ந்திருப்பாள். இது தணிக்கைக்கும் காவல்துறைக்கும் அஞ்சி ஒட்டப்பட்ட நீதிபோதனை என்று பொதுவாகச் சொல்வார்கள். பாவத்தைக் காட்டியபின் பாவத்துக்குத் தண்டனையும் காட்டிவிட்டால் நீதிமன்றத்தில் வாதாட வசதி. அது சரியே. ஆனால் சார்னோவின் படங்களில் தண்டனை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. கூடுகைக்குப் போன ஆண் மறுநாள் ரயிலேறி வேலைக்குப் போய்விடுகிறான். பெண்ணுக்குத்தான் அந்தத் தெருவை விட்டுப் போக இடமில்லை. இது ஒட்டப்பட்ட போதனை அன்று; அன்றைய சமூகத்தின் உண்மைநிலை.

அதே 1966இல் வந்த வண்ணப் படமான ‘மூன்லைட்டிங் ஒய்வ்ஸ்’ இதை இன்னும் வெளிப்படையாக்கியது. கணவனின் வருவாய் போதாத புறநகர் மனைவி ஒருத்தி, சுருக்கெழுத்துச் சேவை என்ற பெயரில் அண்டைவீட்டுப் பெண்களைச் சேர்த்துப் பாலியல் தொழிலை நடத்துகிறாள். அவளிடம் காமத்தைவிட நிருவாகத் திறமையே மிகுதி. அந்தத் திறமைக்குச் சட்டப்படியான வாசல் எதுவும் அவளுக்குத் திறந்திருக்கவில்லை என்பதுதான் கதையின் அடியோட்டம். மணமான பெண்ணுக்குக் கணவனின் கையெழுத்தில்லாமல் கடன் வழங்க மறுப்பதை அமெரிக்காவில் சட்டம் தடைசெய்தது 1974இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

*

1965ஆம் ஆண்டில் நடந்த மூன்று நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இக்கதையின் நடுமையம் புலப்படும்.

மார்ச் மாதம், ஃப்ரீட்மன் என்பவருக்கும் மேரிலாண்ட் மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில், படத்தை வெளியிடுமுன் தணிக்கை செய்யும் அரசு அமைப்புகளின் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதன் விளைவாக, 1921 முதல் இயங்கிவந்த நியூயார்க் மாநிலத் தணிக்கைத் துறை அவ்வாண்டே முடிவுக்கு வந்தது. அத்துறை உரிமம் கேட்டவர்களிடமிருந்து படங்களின் வசனப் பிரதிகளைப் பெற்று வைத்திருந்தது. 50,000க்கும் மேற்பட்ட அப்பிரதிகள் இன்று ஆல்பனி நகரிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன. படச்சுருள் தொலைந்து போன எத்தனையோ படங்கள் அங்கே தாளில் எஞ்சியிருக்கின்றன. அழிக்கவென்று அமர்த்தப்பட்டவர்களே காப்பாளர்கள் ஆனார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

ஜூன் மாதம், கிரிஸ்வோல்ட் என்பவருக்கும் கனெக்டிகட் மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில், தம்பதியர் கருத்தடைச் சாதனம் பயன்படுத்துவதைத் தடைசெய்த 1879ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. மணமானவர்களின் படுக்கையறைக்குள் காவலர் புகுந்து சான்று தேடலாமா என்பதே நீதிபதி டக்ளஸ் எழுப்பிய கேள்வி. திருமணத்துக்கு ஓர் அந்தரங்கம் உண்டு என்பதைச் சட்டம் ஏற்ற நாள் அது.

அதே ஆண்டில் நியூயார்க்கின் தண்டனைச் சட்டம் புதிதாக வகுக்கப்பட்டது. மணத்தை மீறிய உறவை 1907 முதல் அங்கே சட்டம் குற்றமாக வைத்திருந்தது. அந்தப் பிரிவை விட்டுவிடலாம் என்று சட்டத் திருத்த ஆணையம் பரிந்துரைத்தது. சட்டமன்றமோ அதை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

ஆக, ஒரே ஆண்டில் படுக்கையறையின் கதவு காவலருக்கு மூடப்பட்டது; திரையில் அதே கதவு திறந்தது; சட்டப் புத்தகத்திலோ குற்றம் குற்றமாகவே நீடித்தது. குற்றமும் அதுவே, விடுதலைக்கு ஒரே வழியும் அதுவே என்ற முரண் 1967 வரை தொடர்ந்தது. புதிய மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த அவ்வாண்டுக்குப் பிறகுதான் கொடுமை, கைவிடல் போன்ற காரணங்களும் நியூயார்க்கில் செல்லுபடியாயின. இந்த முரணுக்கு உள்ளே வாழ்ந்த மனிதர்களைத்தான் சார்னோ முகமூடி அணிந்தவர்களாகக் காட்டினார்.

*

பின்னர் நடந்தது விரைவாகச் சொல்லத்தக்கது. 1968 நவம்பரில் ஹாலிவுட் தன் பழைய ஒழுக்க விதிகளைக் கைவிட்டு வயதுவாரித் தரச்சான்று முறைக்கு மாறியது. 1969இல் கொலம்பியா நிறுவனம் பால் மஸர்ஸ்கியின் இயக்கத்தில் ‘பாப் அண்ட் கேரல் அண்ட் டெட் அண்ட் ஆலிஸ்’ படத்தை வெளியிட்டது. இரண்டு தம்பதியர், துணைமாற்று, பெரிய நட்சத்திரங்கள், கலிஃபோர்னிய வெயில். அது நியூயார்க் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாயிற்று. நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. முடிவில் நால்வரும் ஒரே கட்டிலுக்கு வந்துவிட்டு, அதற்கு மேல் போக முடியாமல் எழுந்து போய்விடுகிறார்கள். நேர்த்தியான படம்தான். ஆயினும் ஐந்து ஆண்டுகள் முன்னதாக, சிதைந்த இருக்கைகள் கொண்ட அரங்குகளில் இப்பொருளைத் தொட்ட படங்கள், அந்த விழாவுக்கு வந்தவர்களின் நினைவில் இருந்திருக்காது. விளிம்பில் கண்டெடுக்கப்படும் பொருள் மையத்துக்கு வரும்போது, அதைக் கண்டெடுத்தவன் வெளியிலேயே நிறுத்தப்படுகிறான்.

மையம் பொருளை எடுத்துக்கொண்டது. மறுபக்கம் அப்பட்டமான பாலுறவுப் படங்கள் சந்தையை எடுத்துக்கொண்டன. 1972இல் ‘டீப் த்ரோட்’ வந்தபின், குறிப்பால் உணர்த்தும் படத்துக்குக் காசு கொடுப்பவர் குறைந்தனர். 1973இல் மில்லர் வழக்கின் தீர்ப்பு, எது ஆபாசம் என்பதை அந்தந்த வட்டாரத்தின் அளவுகோலால் தீர்மானிக்கலாம் என்றது. நாடு முழுவதும் ஒரே படத்தை அனுப்பிப் பிழைத்த சிறு தயாரிப்பாளர்களுக்கு அது புதிய அச்சுறுத்தலானது.

இந்தச் சூழலில் 1974இல் சார்னோ ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ யங் அமெரிக்கன் ஹவுஸ்ஒய்ஃப்’ என்ற படத்தை எடுத்தார். அண்டை வீட்டு இளம் தம்பதியர் இருவர் துணைமாற்றில் ஈடுபட்டிருக்கிறார்கள். கணவனை இழந்த தாய் மகளைப் பார்க்க வருகிறாள். மெல்ல அவளும் அந்த வட்டத்துக்குள் வருகிறாள். பத்து ஆண்டுகளுக்கு முன் தாயும் மகளும் ஒரே கூடுகையில் எதிர்ப்பட்டது பேரழிவு. இப்போது அதே தாய், அதே மகள், முகமூடி இல்லை, பேரழிவும் இல்லை. ஆனால் மகளின் உள்ளத்தில் ஓர் உறுத்தல் எழுகிறது. எல்லாவற்றுக்கும் இசைந்துவிட்ட அந்த வீட்டில் அந்த உறுத்தலைச் சொல்ல அவளுக்குச் சொல் இல்லை. முன்பு ஆசையைச் சொல்ல வாயில்லை. இப்போது வருத்தத்தைச் சொல்ல வாயில்லை. இந்த இரண்டு படங்களுக்கும் இடையிலான பத்து ஆண்டுகளைப் ‘பாலியல் புரட்சி’ என்று பாடநூல்கள் குறிக்கின்றன.

*

இப்படங்களை மீட்டெடுத்துப் புனிதமாக்கும் போக்கு ஒன்றும் பின்னாளில் கிளம்பியது. 1990இல் சியாட்டில் நகரில் மைக் வ்ரேனி தொடங்கிய ‘சம்திங் வியர்ட் வீடியோ’ போன்ற நிறுவனங்கள் குப்பைக்குப் போகவிருந்த சுருள்களைத் தேடி ஒளிநாடாவாக்கின. ரசிகர்கள் கூடினார்கள். அவர்களது உழைப்பு இல்லையேல் இவ்வரலாற்றை எழுதவே முடியாது. ஆனாலும் மறக்கக் கூடாதவை சில உண்டு. இப்படங்களில் நடித்த பெண்களில் பலர் புனைபெயரில் நடித்தார்கள். சிறு கூலியோடு அவர்கள் பங்கு முடிந்தது. படம் எத்தனை ஆண்டுகள் ஓடினாலும் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை. பெண்ணின் தனிமையைப் பேசிய படமும், அவள் உடலைச் சுவரொட்டியில் அச்சிட்டுத்தான் விற்கப்பட்டது. கறுப்பின மக்களை உள்ளே விடாத புறநகரைக் காட்டிய இப்படங்கள், அந்த இல்லாமையைப் பற்றி ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. சுரண்டல் என்ற சொல் அவற்றின் பெயரிலேயே இருக்கிறது. அதை நாம் உரித்தெறிந்துவிட முடியாது.

சார்னோவை இத்துறையின் மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துவது ஒன்றே. விற்கவேண்டியதை விற்றுக்கொண்டே, விற்கப்படுகிறவளின் முகத்தையும் அவர் பார்த்தார். அவருடைய மனைவி பெகி, நடிகையாக அறிமுகமாகிப் பின்னர் பல்லாண்டுகள் அவர் படங்களின் வேலைகளில் துணைநின்றவர். ஸ்வீடன் இயக்குநர் விக்டர் எரிக்சன் 2013இல் வெளியிட்ட ஆவணப்படம் இத்தம்பதியரின் முதுமையைப் பற்றியது. கட்டிலையும் துரோகத்தையும் வாழ்நாளெல்லாம் படம்பிடித்த ஒருவர், நெடுங்காலம் நிலைத்த ஒரு திருமணத்துக்குள் இருந்துகொண்டே அதைச் செய்தார்.

ஜோ சார்னோ 2010 ஏப்ரலில் நியூயார்க்கில் மறைந்தார். யார் மீதும் குற்றம் சுமத்தாமல் மணவிலக்குப் பெறும் வசதியை நியூயார்க் சட்டம் தந்தது அதே 2010ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில். அமெரிக்க மாநிலங்களில் கடைசியாக அதை ஏற்றுக்கொண்டது அதுவே. மணத்தை மீறிய உறவைக் குற்றமாக்கிய 1907ஆம் ஆண்டுச் சட்டமோ மேலும் 14 ஆண்டுகள் இருந்து, 2024 நவம்பரில்தான் நீக்கப்பட்டது. ‘சின் இன் தி சபர்ப்ஸ்’ வெளிவந்து அப்போது 60 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படத்தை எடுத்தவரும், அதைத் தடுக்கவல்ல தணிக்கைத் துறையும், அது ஓடிய அரங்குகளும் போய்ச் சேர்ந்த பிறகும், அந்த முகமூடிகளைத் தேவையாக்கிய சட்டம் மட்டும் தன் இடத்திலேயே இருந்தது.